மைக் செட் நயினார் வீடு குளத்துக்குள் போன கதை

மைக் செட் நயினாரின் வீடு ஒரு முழம் பின்னால் போயிருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர்தான். தினமும் வண்டியை விட்டு இறங்காமலே கையை நீட்டிப் பாக்கெட்டை வைக்கிற படி அன்று அந்த இடத்தில் இல்லை, பாக்கெட் சாக்கடையில் விழுந்தது, அவர் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு பாக்கெட்டோடு இறங்கி நடந்து போய் வைத்துவிட்டு வந்தார். புளியம்பேரி கீழத்தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே வரிசை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, பின்னால் கருவேல மரங்கள், அதற்கும் பின்னால் சரிந்துகொண்டே போகிற பெரியகுளம். அந்த வரிசையில் ஒரு வீடு மட்டும் உள்வாங்கி நின்றால் கண்ணில் படத்தானே செய்யும். அஸ்திவாரம் சரியில்லை என்றார் ஒருவர், கொத்தனார் சரியில்லை என்றார் இன்னொருவர், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

நயினாரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் குழாய் கட்டி, சீரியல் லைட் போட்டு, மொய் எழுதும்போது பேரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கிறவர் அவர்தான். ஐம்பது ரூபாய் எழுதினவனைக்கூட ஐயாயிரம் எழுதினவன் மாதிரி நிமிர்ந்து உட்கார வைக்கிற குரல் அது. பெரிய ஜெனரேட்டர் ஒன்றைத் தவணையில் வாங்கினார், வாங்கின கையோடு ஊரடங்கு வந்தது, கல்யாணம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நாலு பேரோடு முடிந்தது, தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. தவணைக்காக முப்பிடாதி, அதாவது அவர் மனைவி, மகளிர் குழுவில் லோன் எடுத்தாள். குழுவுக்குக் கட்டத் தினவசூல்காரரிடம் வாங்கினார். தினவசூலை அடைக்கக் கந்துவட்டி மாசானத்திடம் போனார். நடுவில் நகையும் பேங்குக்குப் போயிற்று. கடைசியில் யார் வாசலில் வண்டி நிறுத்தினாலும் நயினார் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார், முப்பிடாதி வெளியே வந்து, "அவ்வோ வெளியூருக்குப் போயிருக்காவ, நாளைக்கு வாங்க" என்பாள்.

வீடு எப்போது நகர்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் முப்பிடாதிதான். நாளைக்கு வாங்க என்று சொல்லி வாய் மூடுவதற்குள் காலுக்குக் கீழே தரை ஒரு குலுங்கு குலுங்கும், டவுன் பஸ் கியர் மாற்றுகிற மாதிரி, அவ்வளவுதான், வீடு இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். ஒரு முழம் இரண்டு முழமானது, இரண்டு முழம் இரண்டு கையையும் விரித்த ஒரு பாகமானது, ஆனி மாதம் முடிவதற்குள் வீடு வரிசையை விட்டு முழுசாகக் கழன்று, கருவேல மரங்களைத் தாண்டி, காய்ந்து வெடித்துக் கிடந்த குளத்துக்குள் இறங்கிவிட்டது, சுவரில் ஒரு கீறல் இல்லாமல், மாடத்தில் ஏற்றின விளக்கு அணையாமல்.

ஊர் அதற்கு ஏற்றபடி தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. மின்வாரியத்து ஆட்கள் வந்து முனகிக்கொண்டே இரண்டு கம்பம் நட்டு வயரை இழுத்தார்கள், இன்னும் போகும் என்று தெரிந்ததால் கடைசிக் கம்பத்தில் வயரைச் சுருட்டி மிச்சமும் விட்டுவைத்தார்கள். சிலிண்டர் போடுகிறவர் குளத்துக்குள் இறங்கத் தனிக்கூலி கேட்டார். வீடு இருந்த இடத்தில் பெண்கள் வடகம் காயப்போட்டார்கள். குளத்துப் புறம்போக்கை ஆக்கிரமித்ததாக நோட்டீஸ் கொடுக்க ஓர் அதிகாரி வந்தார். நயினார் தன் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தார், ஓர் அடிகூட எங்கும் போகவில்லை என்று தெரு முழுக்கச் சாட்சி சொன்னதால், ஆக்கிரமித்தது வீடுதான், வீட்டுக்காரர் இல்லை என்று எழுதிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கோயில் சப்பரத்துக் கயிற்றைக் கொண்டுவந்து தூணில் கட்டி ஒருநாள் தெருவே சேர்ந்து இழுத்தும் பார்த்தோம். கயிறு அறுந்து எல்லோரும் மல்லாக்க விழுந்தோம், வீடு அசையவில்லை.

வசூலுக்கு வருகிறவர்கள் மட்டும் விடாமல் வந்தார்கள். வண்டி போகாத இடம் என்பதால் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடப்பார்கள், ஆளுக்கு ஒரு கிழமை, ஆளுக்கு ஒரு பை. அவர்கள் நடந்து நடந்தே குளத்துக்குள் ஒரு பாதை விழுந்துவிட்டது. பாதை விழுந்தால் அதில் கடை விழாமல் இருக்குமா, எங்கள் காந்திமதி அக்கா பாதி வழியில் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் கட்டி டீக்கடை போட்டார். வெயிலில் வந்து சேர்கிறவர்கள் அங்கே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீவிவிட்டுக்கொள்வார்கள். அப்படி ஒருநாள் எல்லா வசூல்காரர்களும் ஒரே நேரத்தில் அங்கே கூடிவிட்டார்கள்.

பைனான்ஸ் கம்பெனிக்கு வசூல் செய்கிற ரூபன் வயதில் சின்னவன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. "நாம எல்லாருமே ஒரே சட்டைப் பைக்குத்தான் நடக்கோம்," என்றான். "அதுல நூறு ரூவா கெடந்தா, முதல்ல போறவனுக்குக் கெடைக்கும், மத்தவன் காலு வலிதான் மிச்சம். ஒருத்தன் நடந்தாப் போதாதா?"

"ஒருத்தன் வாங்கி?" என்றார் மாசானம்.

"பிரிச்சுக்கிடுவோம். அதிகம் கொடுத்தவருக்கு அதிகம், கொஞ்சம் கொடுத்தவருக்குக் கொஞ்சம்."

"எனக்கு வட்டி ஒண்ணு இருக்குல்லா தம்பி. அது ஓடிக்கிட்டே இருக்கும்."

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த காந்திமதி அக்கா நிமிர்ந்தார். "ஏ அண்ணாச்சி, ஐப்பசில கொளம் பெருகும். வீடு தண்ணிக்குள்ள போச்சுன்னா உங்க வட்டிய மீன்கிட்டயா போயிக் கேப்பிய?"

மாசானம் எழுந்து போய்க் குளத்தை நின்று பார்த்தார். குளம் எவ்வளவு பெரியது என்பதை அன்றைக்குத்தான் அவர் கவனித்தார் போல. திரும்பி வந்து, வட்டியை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவதாகவும், அசல் வந்தால் போதும் என்றும், இது வெளியே தெரிந்தால் தன் தொழில் படுத்துவிடும் என்றும் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

நயினாரை முப்பிடாதிதான் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தாள். மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டார்கள். அரிசிக்கு, கரண்டுக்கு, மருந்து மாத்திரைக்கு எவ்வளவு என்று கேட்டு அதை முதலில் ஒதுக்கினார்கள், ஏனென்றால் பட்டினி கிடக்கிறவன் மூன்றாம் மாதமே தவணையை நிறுத்திவிடுவான் என்பது வசூல்காரர்களுக்குத் தெரியாததா. மிச்சத்தை மாதப் பிறப்பன்று ரூபன் கையில் கொடுக்க வேண்டும், அவன் பிரித்துக் கொடுப்பான். புதிதாக யாரிடமும் கடன் வாங்கக் கூடாது. ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டும். ஜெனரேட்டர் என்றதும் நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் சரி என்றார்.

"வேற யாருக்கும் கடன் உண்டா? இப்பமே சொல்லிரும்," என்றார் காந்திமதி அக்கா.

"வேற கடன்னு ஒண்ணும் இல்லக்கா," என்றார் நயினார். நாங்களும் சுற்றி நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம், எங்களில் யாருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

ஆடி பிறந்த அன்று முதல் தவணை கொடுத்தார், ரூபன் எண்ணிப் பையில் வைத்த உடனே வீடு குளத்துக்குள்ளிருந்து நாலு முழம் மேலே வந்தது. தெருவில் வெடி போட்டோம். ஜெனரேட்டர் விற்ற காசைக் கொடுத்த அன்று விறுவிறுவென்று வந்ததில் முப்பிடாதி அடுப்பில் வைத்திருந்த குழம்பு கொட்டிவிட்டது, அவள் குழம்பைப் பார்த்துச் சிரித்தாளே தவிரக் கோபப்படவில்லை. இப்படியே வந்தால் மழைக்கு முன்னால் கருவேல மரத்தை எட்டிவிடும், பெரியகுளம் எத்தனை பெருகினாலும் தண்ணீர் கருவேல மரம் வரைதான் வரும், அது போதும் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷமாக இருந்தோம்.

ஆனால் வீடு அப்படியே வரவில்லை. தவணை கொடுத்ததும் வரும், வந்த பிறகு மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பின்னால் போகும். யாரும் இப்போது வாசலில் வந்து கத்துவதில்லை, நாளைக்கு வாங்க என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை, ஆவணி முகூர்த்தங்களில் அவர் குளத்தங்கரை வழியாகவே போய் வந்து நல்ல வருமானம் பார்த்தார், ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. அப்படியும் போயிற்று. ரூபன் தன் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தான். மாசானம், வேறு யாரோ திருட்டுத்தனமாக வட்டி வாங்குகிறான் என்று சத்தம் போட்டார். சாமியாடி ஒருவர் குறி பார்த்து, தெற்குப் பக்கத்தில் ஏதோ தடை என்றார். தெற்குப் பக்கம் எங்கள் தெரு.

புரட்டாசி முடிவதற்குள்ளேயே மழை பிடித்துக்கொண்டது. மலையில் பெய்தது, கால்வாயில் வந்தது, காந்திமதி அக்கா தார்ப்பாயைக் கழற்றிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். ஐப்பசி பிறந்த அன்று காலையில் பார்த்தால் பெரியகுளம் பெருகி நயினார் வீட்டின் கீழ்ப்படியை மூடியிருந்தது. அன்றைய தவணையை முழங்காலளவுத் தண்ணீரில் போய் ரூபன்தான் வாங்கி வந்தான். வீடு நாலு முழம் வந்தது, தண்ணீர் ஐந்து முழம் வந்தது.

தெரு மொத்தமும் குடை பிடித்துக்கொண்டு கருவேல மரத்தடியில் நின்றோம். "முப்பிடாதி, வெளிய வந்துரு தாயி!" என்று கத்தினோம். அவள் நிலைவாசலில் நின்று மாட்டேன் என்று தலையாட்டினாள். ஆள் இல்லாத வீடு ஒரேயடியாகப் போய்விடும், திரும்பி வரவே வராது என்று அவளுக்குப் பயம். அவளுடைய சீதனம், அவள் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை, அவள் இரண்டு முறை வெள்ளையடித்த சுவர் எல்லாம் அங்கேதான், வேறு போக்கிடம் கிடையாது.

அப்போது உள்ளே நடந்த பேச்சைப் பிற்பாடு அவளே சொன்னதால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இங்க பாருங்க," என்று கேட்டிருக்கிறாள். "பஜாருக்குப் போகத் தெரு வழி இருக்கும்போது, இத்தன மாசமா எதுக்குக் கொளத்தச் சுத்திக் கரை வழியாப் போறிய?"

நயினார் அரிசி டிரம்மை நகர்த்தி வைக்கப் போயிருக்கிறார்.

"ஒவ்வொரு தரம் நீங்க அப்படிப் போகும்போதும் தரை குலுங்குது. நான் இப்பத்தான் கவனிச்சேன். சொல்லுங்க."

"பக்கத்து வீட்டு வைகுண்டம் அண்ணாச்சி மொகத்துல எப்படி முழிக்கச் சொல்லுத? காந்திமதி அக்கா, தையக்கடைக்காரரு, எல்லாரும் தெருவுலதான் இருக்காவ."

"அவ்வொளுக்கு என்ன?"

"கைமாத்து வாங்கியிருக்கேன்."

"அன்னைக்கு வேற கடன் இல்லன்னியளே!"

"கைமாத்தெல்லாம் ஒரு கடனா?"

"கடன் இல்லன்னா பின்ன எதுக்கு ஒளியுதிய?"

கடன் இல்லை என்று நயினார் அன்றைக்குச் சொன்னதிலும் பொய் இல்லை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, இந்தாப்பா வைத்துக்கொள் என்று கொடுப்பது, அதைக் கடன் என்று சொன்னால் கொடுத்தவருக்கே கோபம் வரும். கைமாத்தைத் திருப்பிக் கேட்பது எங்கள் தெருவில் கேவலம். அதனால் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதைப் பெரிய குணம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நயினார் மாடிக்கு ஏறினார். மேலே தகரக் கூரைக்கடியில் அவருடைய பேட்டரி ஆம்ப்ளிபயர் இருந்தது, கைப்பிடிச் சுவரில் இரண்டு குழாய்கள் எங்களைப் பார்த்தபடியே கட்டியிருந்தன. கரகரவென்று சத்தம் வந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார், பழக்கம் விடவில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"கீழத்தெரு, டீக்கடை காந்திமதி அக்கா அவர்களிடம், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது, ரூபாய் இரண்டாயிரம். தர வேண்டியது நயினார்."

வீடு விருட்டென்று முன்னால் வந்தது, எங்கள் காலடியில் அலை வந்து மோதியது. காந்திமதி அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஏ அட விடு நயினாரு! இதெல்லாம் ஒரு காசா?" என்று கத்தினார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அந்தச் சொல் போய்ச் சேர்ந்த உடனே வீடு நின்றது, நின்று, வந்த வழியே வழுக்கிக்கொண்டு போனது, தண்ணீர் நிலைப்படி தாண்டி முப்பிடாதியின் காலை நனைத்தது.

"விடுன்னு சொல்லாதீங்கக்கா!" என்று முப்பிடாதி அலறினாள். "வேணும்னு சொல்லுங்க!"

காந்திமதி அக்கா எங்களைப் பார்த்தார், நாங்கள் தரையைப் பார்த்தோம். வேணும் என்று நாலு பேர் முன்னால் சொல்வது எங்களுக்குச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணும் நயினாரு," என்றார், பிறகு கொஞ்சம் சத்தமாக, "மாசம் நூறு நூறாக் கொடு, எனக்கும் அடுப்பு மாத்தணும்." வீடு வந்தது, வந்து நின்ற இடத்தை விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு பேராக வாசிக்க வாசிக்க, மழையில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகச் சொன்னோம். தையல்கடைக்காரர் வேணும் என்று சொல்லிவிட்டு அவசரமில்லை என்று சேர்த்ததில் வீடு பாதி வந்து தயங்கியது, சுற்றி நின்றவர்கள் அவரைக் கிள்ளினார்கள், அவர் அவசரம்தான் என்று ஒப்புக்கொண்டார். தொகை மறந்துபோனவர்கள்கூட இருந்தார்கள், நயினார் மறக்கவில்லை. எவ்வளவு நாளாக இதையெல்லாம் மனசுக்குள் வாசித்துக்கொண்டே கரை வழியாக நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது எங்களுக்கு அழுகை வந்தது. ரூபன் ஒரு பக்கம் நின்று இந்தப் பேர்களையும் தவணையில் சேர்க்க விரலை மடக்கிக்கொண்டிருந்தான், மாசானம் தன் பங்கு குறையும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் ஒரே ஓர் இழுப்பில் வீடு கருவேல மரத்தைத் தொட்டுவிடும். வீடு வந்ததைவிட வேகமாகக் கால்வாய்த் தண்ணீர் வந்து முப்பிடாதியின் முழங்கால் வரை ஏறியிருந்தது. குழாயில் நயினாரின் குரல் உடைந்தது.

"பக்கத்து வீடு, வைகுண்டம் அண்ணாச்சி அவர்களிடம், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதுக்கு அப்புறமும் வாங்கினது, ரூபாய் பதினைந்தாயிரம். தர வேண்டியது நயினார்."

வைகுண்டம் அண்ணாச்சி எல்லோருக்கும் பின்னால் ஒரு கம்பை ஊன்றி நின்றார். தெருவில் யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனுஷன். பஞ்சாயத்தில் நாற்காலி போட்டால்கூட நின்றுகொள்கிறேன் என்பார். வழியை விட்டு விலகினோம். அவர் உதடு விடு என்கிற சொல்லுக்குக் குவிந்ததைப் பார்த்தோம். யாரும் அவரைக் கிள்ளத் துணியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

"எனக்கு வேணும் நயினாரு," என்றார் அண்ணாச்சி.

குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை சொன்னார். "எனக்கு வேணும்ப்பா. ரெண்டு முட்டியும் போச்சு. கக்கூஸுக்கு நாலு படி ஏற முடியல, டாக்டர் ஆபரேசன்னு சொல்லுதாரு. ஒன்கிட்ட எப்படிக் கேக்கன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நானும் ஒரு வருசமாச் சன்னலச் சாத்தியே வச்சிருக்கேன்."

வீடு தண்ணீரை விட்டு ஏறி வந்தது, படியிலும் சுவரிலும் தண்ணீர் வழிய வழிய வந்து, கருவேல மரங்களுக்கு நடுவில் நின்றது. வரிசைக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது. முப்பிடாதி வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நயினார் மாடியிலிருந்து இறங்கி நேராக அண்ணாச்சியிடம் வந்தார். சட்டைப் பைக்குள் தடவி, தவணை போக மிச்சமிருந்த ஒரு நூறு ரூபாய்த் தாளை, நனைந்து கையோடு ஒட்டிக்கொண்டதைப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணாச்சி கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதை வாங்கினார், வாங்கி, உதறி, நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"பாக்கி அடுத்த மாசம். மறந்துராத," என்றார்.

"சரி அண்ணாச்சி," என்றார் நயினார், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து.

எங்களுக்குப் பின்னால் வீடு இன்னும் ஒரு சாண் நகர்ந்து வந்த சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்கள் இரண்டு பேரையுமே பார்த்துக்கொண்டு நின்றோம்.